இரண்டு சுவருக்கு நடுவே பலகை பொருத்தும் நீட்டுச்சட்டம்: விற்பனைக்கு விடுமுன் குறைகளைச் சொல்லுங்கள்

நீட்டுச்சட்டம்:

வணக்கம். சுவர் மாடத்துக்குள்ளோ இரண்டு சுவருக்கு இடையிலோ ஷெல்ஃப் பலகை பொருத்துகிறவர்களுக்காக ஒரு கருவி செய்திருக்கிறேன். முதல் தவணையாக 50 செய்ய எண்ணம். பொருள் வாங்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, அதனால் இப்போதே குறைகள் தெரிய வேண்டும்.

அமைப்பு இதுதான். 25 × 3 மி.மீ அலுமினியப் பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 600 மி.மீ நீளம். ஒன்றன்மேல் ஒன்று படுத்த வாக்கில் சறுக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்க 3டி பிரிண்ட் செய்த இரண்டு உறைகள் (பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக்), ஒவ்வொன்றிலும் கையால் திருகும் எம்5 (5 மி.மீ மரை) குமிழ். இரு முனையிலும் 100 மி.மீ நீளத்தில் ஒரு தட்டு, அது எம்5 போல்ட்டில் சுழலும். சுவர் நேர்க்கோணத்தில் இல்லாவிட்டாலும் தட்டு சுவரோடு ஒட்டி நிற்கும். பட்டைகள் குறைந்தது 60 மி.மீ ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். 650 முதல் 1150 மி.மீ வரை நீளும். மேலே மி.மீ அளவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

பயன்படுத்தும் முறை: இடைவெளியில் வைத்து நீட்டி, தட்டுகள் சுவரில் படிந்ததும் குமிழ்களை இறுக்கி, அப்படியே வெளியே எடுத்துப் பலகைமேல் வைத்துக் கோடு போட்டு அறுப்பது.

சிக்கல் என்னவென்றால், சோதனைக்கு அறுத்த பலகைகளில் 1 முதல் 3 மி.மீ வரை பிழை வருகிறது. சில பலகை இறுக்கமாக உள்ளே போகாமல் நிற்கிறது, சில தளர்வாக இருக்கிறது. ஒரே பக்கமாகப் பிழை வந்தால் வடிவத்தைத் திருத்திச் சரி செய்துவிடலாம். இது இரண்டு பக்கமும் வருகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை: தட்டின் நீளம் போதுமா? பிஎல்ஏ உறை தாங்குமா? அளவு ஸ்டிக்கர் தேவையா? கடைசியாக, பிறரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது எப்படி? இதுவரை கேட்டவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

---

இழைப்புளி:

முதலில் தட்டு. 100 மி.மீ போதாது.

ஷெல்ஃப் பலகையின் ஆழம் பெரும்பாலும் 250, 300 மி.மீ. பூச்சுச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்காது. உங்கள் 100 மி.மீ தட்டின் ஒரு ஓரத்தில் அரை மி.மீ மேடு இருந்தால் போதும், தட்டு சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைப் பலகையின் 300 மி.மீ ஆழத்துக்கு நீட்டிக் கோடு போட்டால் மறுமுனையில் 1.5 மி.மீ பிழை. இரண்டு சுவரும் சேர்ந்தால் 3 மி.மீ. நீங்கள் சொல்லும் பிழை இதிலேயே முடிந்துவிடுகிறது. தட்டு 250 மி.மீ இருந்தால் அதே அரை மி.மீ மேடு 0.6 மி.மீ பிழையோடு நிற்கும். ஒரு டிகிரி தப்பினால் 300 மி.மீ-க்கு 5 மி.மீ-க்கு மேல் போகும் என்பதை மனதில் வையுங்கள். நீளத்தைவிடக் கோணம்தான் இந்த வேலையில் ஆளை விழுத்தும்.

250 மி.மீ தட்டைப் பெட்டியில் அடைப்பது சிரமம் என்றால், 100 மி.மீ தட்டிலேயே இரண்டு துளை போட்டு, மேலே ஒரு நீள் பட்டையை இரண்டு ஸ்க்ரூவால் மாட்டும்படி செய்யுங்கள். ஒரு ஸ்க்ரூ போதாது, அது தானே ஒரு கீலாகிவிடும். நீள் பட்டை எந்த மரத்திலும் வேண்டாம், ஈரத்தில் வளையும், அலுமினியமே நல்லது.

இன்னொன்று. தட்டின் சுவர்ப்பக்கம் முழுக்கத் தட்டையாக இருந்தால், சுவர் நடுவில் புடைத்திருக்கும் இடத்தில் தட்டு ஊஞ்சலாடும். தட்டின் இரு ஓரத்திலும் 15 மி.மீ மட்டும் விட்டு, நடுப்பகுதியை 1 மி.மீ உள்வாங்கி அரத்தால் எடுத்துவிடுங்கள். சிறு புடைப்பு அந்தக் குழிக்குள் அடங்கிவிடும். ஆனால் கோடு போடுகிறவர் பென்சிலை அந்தக் குழிக்குள் ஓட்டிவிடக் கூடாது. ஓரத்து இரண்டு புள்ளிகளைக் குறித்து, பிறகு நேர்விளிம்பு வைத்துச் சேர்க்கச் சொல்லிக் குறிப்புத் தாளில் போடுங்கள்.

சரியான அளவுக்கு அறுத்த பலகை உள்ளே போகாது என்பதையும் எழுதிவிடுங்கள். லேமினேட் ஒட்டிய பலகைக்கு மொத்தத்தில் 1 முதல் 2 மி.மீ இடம் விட வேண்டும். அதோடு, முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்ற மாடத்தில் பலகையை நேரே தள்ள முடியாது. ஒரு முனையைத் தாழ்த்திச் சாய்வாக நுழைத்துப் பிறகு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாதவர் கருவியின்மேல்தான் பழி போடுவார்.

---

மைக்ரான்:

இழைப்புளி சொன்னது கோணப் பிழை. "சில இறுக்கம், சில தளர்வு" என்பதற்கு நீளத்திலும் இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

இறுக்கமாக வருவதற்குக் காரணம் பட்டை வளைவது. 3 மி.மீ பட்டையைப் படுத்த வாக்கில் வைத்திருக்கிறீர்கள். 1 மீட்டர் நீளத்துக்கு ஒற்றைப் பட்டையாகக் கணக்குப் போட்டால் சொந்த எடையிலேயே நடுவில் 6.5 மி.மீ தொய்யும். அதனால் நீளத்தில் வரும் மாற்றம் 0.1 மி.மீ-தான், விட்டுவிடலாம். ஆனால் தட்டு சுவரில் நன்றாகப் படியட்டும் என்று பயனர் நெம்பித் தள்ளுவார் பாருங்கள், அப்போது பட்டை வில்லாக வளையும். நடுவில் 20 மி.மீ வளைந்தால் 1 மீட்டருக்கு 1 மி.மீ-க்குச் சற்று அதிகம். அப்படியே இறுக்கி, வெளியே எடுத்துப் பலகைமேல் வைத்ததும் பட்டை நிமிர்கிறது. 1 மி.மீ நீளமான பலகை கிடைக்கிறது. வளைவு இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும், அதனால் கையின் பலத்துக்கு ஏற்றபடி பிழை மாறும்.

எடையால் வரும் தொய்வைத் தடுப்பது எளிது. அதே பட்டையை நிமிர்த்தி, 25 மி.மீ பக்கம் செங்குத்தாக நிற்கும்படி உறையை மாற்றுங்கள். அதே 1 மீட்டருக்குத் தொய்வு 0.1 மி.மீ ஆகிவிடும். ஆனால் பலமாக நெம்பினால் பட்டை அப்போதும் பக்கவாட்டில் வளையும், அதனால் தட்டு சுவரைத் தொட்டதும் தள்ளுவதை நிறுத்தச் சொல்லுங்கள். புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். முனையில் மட்டும் 25 × 25 × 3 எல் ஆங்கிளில் 40 மி.மீ துண்டு வெட்டி, பட்டையின் அடிவிளிம்போடு இரண்டு ரிவெட்டில் பிடித்து, அதன் அடியில் சுழல்தட்டை மாட்டுங்கள். தட்டுக்கு அடியில் வரும் போல்ட் தலை புதையும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கருவி பலகைமேல் படியாது.

தளர்வாக வருவதற்குக் காரணம் குமிழ். குமிழை இறுக்கும்போது அதன் முனை பட்டைமேல் உராய்ந்து சுழன்று பட்டையையும் கொஞ்சம் இழுத்துப்போகும். இதைச் சோதிக்க டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வேண்டாம். ஒரு மேசைமேல் இரண்டு கட்டைகளை 900 மி.மீ இடைவெளியில் ஸ்க்ரூ போட்டு அசையாமல் நிறுத்துங்கள். சட்டத்தை நடுவே வைத்து, இரு தட்டும் தொடும்வரை நீட்டி, இறுக்குங்கள். இப்போது தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே சாதாரண அச்சுத் தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. எத்தனை தாள் நுழைகிறதோ அத்தனை பத்தில் ஒரு மி.மீ இழுபட்டிருக்கிறது. பத்துத் தடவை செய்து எழுதிவையுங்கள். மூன்று தாளுக்குமேல் போனால் அமைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

உறையில் குமிழ் முனைக்கும் பட்டைக்கும் நடுவே 1 மி.மீ பித்தளைத் தகடு ஒன்று வையுங்கள். தகட்டின் இரு நுனியையும் மடித்து உறையில் மாட்டிவிட்டால் அது நகராது. குமிழ் தகட்டின்மேல் சுழலும், பட்டை அசையாது. முனைத் தட்டுகளுக்குக் குமிழே வேண்டாம். சைக்கிள் சீட் உயரத்தை இறுக்கும் லீவர் மாதிரி கேம் லீவர் போடுங்கள். அது நேராக இழுத்து இறுக்கும், திருகாது, கோணம் கெடாது.

60 மி.மீ படிவு மிகவும் குறைவு. உறைக்குள் 0.3 மி.மீ ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். 60 மி.மீ-க்கு 0.3 என்றால் கிட்டத்தட்ட 0.3 டிகிரி. அது 300 மி.மீ ஆழப் பலகையில் 1.5 மி.மீ. படிவை 150 மி.மீ ஆக்கினால் 0.6 மி.மீ-க்கு இறங்கும். பட்டையில் ஒரு முள் ரிவெட் அடித்து அதற்குமேல் நீளாதபடி தடுத்துவிடுங்கள். அதிகபட்ச நீளம் 1060 போல ஆகும். 1150 வேண்டுமென்றால் பட்டையை 650 ஆக்குங்கள், படிவைக் குறைக்காதீர்கள்.

பிஎல்ஏ பற்றி: அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் கருவிப்பெட்டியை விட்டால் உறை கோணிவிடும். வெயிலே படாவிட்டாலும், இறுக்கியபடியே வாரக்கணக்கில் வைத்தால் மெல்ல விரிந்து பிடி தளரும். பிஇடிஜி என்னும் பிளாஸ்டிக் பரவாயில்லை, 80 டிகிரி வரை தாங்கும். எதில் செய்தாலும் பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை போடாதீர்கள். அறுகோணப் பள்ளம் விட்டு எம்5 இரும்பு நட்டைப் புதையுங்கள். அடுக்குகள் பிளக்கும் திசையில் குமிழின் விசை விழாதபடி உறையைப் படுக்கவைத்துப் பிரிண்ட் எடுங்கள். உறையின் பக்கத் தடிமன் 4 மி.மீ இருக்கட்டும்.

---

நீட்டுச்சட்டம்:

மிக்க நன்றி. தாள் சோதனையை இப்போதே செய்தேன். பத்துத் தடவையில் இரண்டு முதல் ஐந்து தாள்வரை நுழைகிறது. பித்தளைத் தகடு போட்டுத் திரும்பச் செய்கிறேன்.

அளவு ஸ்டிக்கரை எடுத்துவிட்டால் "அளவுக் கருவியில் அளவே இல்லையா" என்று கேட்பார்களே, அதற்கு என்ன வழி?

---

மைக்ரான்:

ஸ்டிக்கரால்தான் உங்கள் கருவி கெட்டுப்போகிறது. இது இடைவெளியை அப்படியே பெயர்த்தெடுத்துப் பலகையில் பதிக்கும் கருவி. அளவை வாசித்து, மனதில் வைத்து, டேப்பில் திரும்பத் தேடிக் குறிக்கும்போது வரும் மூன்று பிழைகளையும் இது ஒரே அடியில் இல்லாமல் செய்கிறது. அதில் எண்ணை ஒட்டினால் பயனர் எண்ணை நம்பி, டேப்பால் குறித்து அறுப்பார். அப்புறம் உங்கள் சுழல்தட்டு எதற்கு?

எண்ணின் துல்லியமும் போதாது. டேப்புகளில் இரண்டாம் வகுப்பு என்று குறித்தவற்றுக்கே 1 மீட்டருக்கு 0.5 மி.மீ வரை பிழை அனுமதி உண்டு, முதல் வகுப்புக்கு 0.2. கையால் ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டும்போதே இழுபடும், ஒரு மி.மீ தள்ளி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. பட்டையின் தடிமனும் சேர்கிறது. அளவுக்கோடு 3 மி.மீ மேலே இருந்து, பார்வை 30 டிகிரி சாய்ந்தால் 1.7 மி.மீ தப்பாகத் தெரியும். வெயிலில் சுட்ட அலுமினியம் 20 டிகிரி ஏறினால் 1 மீட்டருக்கு 0.46 மி.மீ நீளும். பெயர்த்தெடுக்கும் வேலையில் அது பெரிதாகப் பாதிக்காது, இரண்டு நிமிடத்தில் அதே நீளத்தைப் பலகைக்கு மாற்றிவிடுகிறோம். எண்ணாக எழுதி நாளை அறுத்தால்தான் பாதிக்கும்.

இன்னும் ஒன்று. சுவர்கள் இணையாக இல்லாதபோது "நீளம்" என்று ஓர் எண்ணே கிடையாது. பலகையின் பின்விளிம்பு ஒரு நீளம், முன்விளிம்பு வேறு நீளம். உங்கள் ஸ்டிக்கர் காட்டுவது சுழல்போல்ட்டுகளின் நேர்கோட்டில் உள்ள நீளம். அதை யாரும் அறுப்பதில்லை.

கேட்பவர்களுக்காக ஒரு வழி: 10 மி.மீ-க்கு ஒரு கோடு மட்டும் பட்டையிலேயே கீறிவிடுங்கள். எந்தப் பலகையை வாங்கலாம், மிச்சத் துண்டு போதுமா என்று பார்க்க அது போதும். யாரும் அதை வைத்து அறுக்க மாட்டார்கள்.

---

மூலைமட்டம்:

கருத்துக் கேட்பது பற்றிச் சொல்கிறேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்காக நல்லா இருக்கு என்றுதான் வரும். கருத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கொடுங்கள்.

ப்ளைவுட்டில் மூன்று போலி மாடம் செய்யுங்கள். ஒரு அடிப்பலகை, அதன்மேல் இரண்டு நிமிர்ந்த பலகை, அவ்வளவுதான். ஒன்று இணையான சுவர். இரண்டாவதில் முன்பக்கம் 10 மி.மீ குறுகட்டும். மூன்றாவதில் ஒரு பக்கம் பூச்சு மேடுபள்ளம் மாதிரி 0.5 மி.மீ அட்டைத் துண்டுகளை அங்கங்கே ஒட்டுங்கள். உண்மையான அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் நிஜச் சுவரை விட்டுப் போலி மாடம்.

உங்களுக்கு வேண்டியவர்கள் அல்லாத ஐந்து பேரைப் பிடியுங்கள். குறைந்தது ஒருவர் இடக்கைக்காரர், ஒருவர் தச்சு வேலைக் கோணக் கருவி எதையும் கையில் எடுத்திராதவர். குறிப்புத் தாள் கொடுக்காமல் கருவியை மட்டும் கொடுத்து, "இதற்குள் பொருந்துகிற மாதிரி அட்டை வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மரத்தை வீணாக்க வேண்டாம், 2 மி.மீ தடி அட்டை போதும். அவர் எந்தக் குமிழை முதலில் தொடுகிறார், எங்கே தயங்குகிறார், எதை இறுக்க மறக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். அவர் திகைத்து உங்களைப் பார்ப்பார். அப்போதும் சொல்லாதீர்கள். அவர் திகைக்கும் அந்த இடம்தான் கருவியில் அம்புக்குறி வைக்க வேண்டிய இடம்.

ஐவரில் மூன்று பேரை மட்டும் ஒவ்வொரு மாடத்துக்கும் மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள். 27 அட்டை கிடைக்கும். பின்விளிம்பு, முன்விளிம்பு இரண்டையும் அளந்து எழுதுங்கள். ஒரே ஆளின் மூன்று அட்டையும் தங்களுக்குள் மாறினால் கோளாறு கருவியில்: குமிழ் இழுவை, உறை ஆட்டம். ஆளுக்கு ஆள் மாறி, அவரவர் மூன்றும் ஒத்திருந்தால் கோளாறு பயன்படுத்தும் முறையில்: நெம்பும் பலம், பென்சில் பிடிக்கும் கோணம். எல்லாருக்கும் ஒரே பக்கமாக ஒரே அளவு தப்பினால் மட்டும்தான் வடிவத்தைத் திருத்திச் சரிசெய்யலாம். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். தட்டையும் உறையையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாதிரியிலும் எண் பொறித்துவையுங்கள்.

ஒரு பெரிய தவறு நிச்சயம் நடக்கும், இப்போதே தயாராகுங்கள். வெளியே எடுத்த சட்டத்தைத் தலைகீழாகப் பலகைமேல் வைத்துவிடுவார்கள். இடக்கோணம் வலக்கோணமாகிவிடும், பலகை வீண். ஒரு முனைத் தட்டில் சிவப்புப் புள்ளி, பட்டையில் "பின்பக்கம்" என்று மாடத்தின் உள்ளே காட்டும் அம்பு, இரண்டும் வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. லேமினேட் பலகையைக் கைச் சர்குலர் ரம்பத்தால் அறுத்தால் பல் கீழிருந்து மேலே வரும், மேல்முகத்தில்தான் சில்லு பெயரும். அதனால் நல்ல முகத்தைக் கீழே வைத்து அடிமுகத்தில் கோடு போட்டு அறுப்பதே வழக்கம். அப்போது கோணங்கள் கண்ணாடிப் பிம்பமாக வேண்டும். நீங்கள் லீவரை மேலே வைத்துவிட்டால் சட்டத்தைக் கவிழ்த்து வைக்க முடியாது. அதற்கு வழி: மாடத்துக்குள் அளக்கும்போதே லீவர் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். வெளியே எடுத்து லீவர் மேலே வரும்படி அடிமுகத்தில் வைத்தால் கோணம் தானே சரியாகிவிடும். இதைக் குறிப்புத் தாளில் எழுத்தாக எழுதினால் புரியாது, இரண்டு படம் போடுங்கள்.

கடைசியாக, இறுக்கிய நிலையில் சட்டத்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் ஒரு முனை அடிபட விழவிட்டு, மறுபடியும் அதே 900 மி.மீ கட்டைகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். தட்டின் கோணம் அசைந்திருந்தால் லீவர் பிடி போதவில்லை.

---

நீட்டுச்சட்டம்:

பட்டை செங்குத்து, படிவு 150, தட்டில் 250 மி.மீ நீட்டுப்பட்டை, முனையில் கேம் லீவர், ஸ்டிக்கர் இல்லை. இந்த வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்கிறேன். பித்தளைத் தகடு போட்ட பிறகு பத்துத் தடவையில் அதிகபட்சம் ஒரு தாள்தான் நுழைகிறது.

தட்டின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுவது பற்றி ஒரு சந்தேகம். கோட்டை வைத்து அறுப்பதா, கோட்டை விட்டு அறுப்பதா?

---

இழைப்புளி:

தட்டின் வெளிவிளிம்புதான் சுவர். பென்சில் அதற்கு வெளியே ஓடுகிறது. 3 மி.மீ தடித் தட்டில் மழுங்கிய பென்சிலைச் சாய்த்துப் பிடித்தால் கோடு விளிம்பிலிருந்து 1 மி.மீ வரை தள்ளிப்போகும். எனவே கோடு முழுவதும் அறுபட்டுப் போக வேண்டும், ரம்பத் தகட்டின் உள்பக்கம் கோட்டின் உள்விளிம்பைத் தொட வேண்டும். அறுத்த துண்டின்மேல் பென்சில் கறுப்பு துளியும் மிஞ்சக் கூடாது.

இன்னும் நல்லது, பென்சிலை விட்டுக் குறிகத்தி. ஒருபக்கம் மட்டும் தீட்டிய கத்தியின் தட்டைப் பக்கத்தைத் தட்டோடு (நடுவில் குழி எடுத்திருந்தால், ஓரத்துப் புள்ளிகளைச் சேர்க்கும் நேர்விளிம்போடு) ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு விளிம்பிலேயே விழும். லேமினேட்டும் அந்தக் கீறலோடு நின்றுவிடும், சில்லு பெயராது. கத்தி தேய்க்கும் என்பதால் அலுமினிய விளிம்பை அனோடைஸ் (மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கடினமாக்குவது) செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், விளிம்பில் பிசிறு தட்டும்போது அரத்தைத் தட்டையாக வைத்து ஒரு இழுப்பு மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் தேய்த்தால் விளிம்பின் நேர் கெடும், கோடும் கெடும்.